கட்டிலருகே கன் சேஃப் (துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பெட்டி), வீட்டில் குழந்தைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன். வீட்டில் ஒன்பது வயதுப் பையன், நான்கு வயதுப் பெண், ஒரு கைத்துப்பாக்கி. கொலு, பிறந்தநாள், பாட்லக் என்று எங்கே கூடினாலும் சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருவர் என்னைக் கராஜ் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போய், மனைவி காதில் விழாதபடி, "நீங்க எந்த சேஃப் வச்சிருக்கீங்க?" என்று கேட்பார். பதில் எப்போதும் அரைகுறையாகவே நின்றுவிடும், அதற்குள் யாராவது பாயசத்துக்குக் கூப்பிடுவார்கள். அதனால் எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். இது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டும். நான் வக்கீலும் இல்லை, துப்பாக்கிக் கடைக்காரரும் இல்லை. இரண்டு பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்றாவதில் வந்து நின்றவன், அவ்வளவுதான்.

முதலில், கட்டிலருகே துப்பாக்கி தேவையா?

பலருக்குத் தேவையில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு திருட்டு நடந்தது என்று வாட்ஸப்பில் வந்த வாரத்தில் வாங்கப்படும் துப்பாக்கிகள்தான் அதிகம். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குத் துப்பாக்கியே இல்லாமலிருப்பதுதான் பாதுகாப்பு என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி பல வருடங்களாகச் சொல்லி வருகிறது. 2020இலிருந்து இந்த நாட்டில் 1 முதல் 19 வயது வரையிலானவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் துப்பாக்கிதான், கார் விபத்தை அது முந்திவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு, வீட்டில் இருவரும் உட்கார்ந்து பேசி, அதற்கப்புறமும் வேண்டும் என்றால் மேலே படியுங்கள். ஒருவருக்கு மட்டும் வேண்டும், இன்னொருவருக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை என்றால் பெட்டி வாங்கும் கட்டத்துக்கே நீங்கள் இன்னும் வரவில்லை.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

பொதுவாக முடியாது. குடியேறாதவர்களுக்கான விசாவில் உள்ளே வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. "அதுதான் ஓட்டை, ஆன்லைனில் ஒரு உரிமம் எடுத்தால் போதும்" என்று நண்பர்கள் சொல்வார்கள். அதை நம்பிக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வக்கீலுக்குக் காசு கொடுத்துக் கேளுங்கள், ஏனென்றால் துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்துவதற்குக் காரணமாகிவிடும். பல வருடமாக கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர் இந்த விளையாட்டு விளையாடக் கூடாது. கிரீன் கார்டு கையில் வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை.

அலமாரி மேல்தட்டில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். யாருக்கும் தெரியாது. போதாதா?

தெரியும். உங்கள் பிள்ளைக்குத் தெரியும்.

அலபாமாவில் ஒரு கிளினிக்குக்கு வந்த பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தார்கள், 2006இல் அந்த ஆய்வு வெளியானது. "துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று என் பிள்ளைக்குத் தெரியாது" என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள் தங்களுக்குத் தெரியும் என்றார்கள். "அவன் அதைத் தொட்டதே இல்லை" என்று சொன்னவர்களில் 22 சதவீதம் பேரின் பிள்ளைகள், தொட்டிருக்கிறேன் என்றார்கள். தீபாவளிக்கு ஒளித்து வைத்த பட்டாசையும் டப்பாவில் மறைத்து வைத்த முறுக்கையும் நாம் எத்தனை வயதில் கண்டுபிடித்தோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

என் பையனிடம் தெளிவாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அவன் தொடமாட்டான்.

சொல்லி வைக்க வேண்டியதுதான், நானும் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் அதைப் பூட்டாக நினைக்காதீர்கள். அட்லாண்டாவில் 8 முதல் 12 வயதுப் பையன்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டு, மேசை இழுப்பறையில் தோட்டா இல்லாத நிஜத் துப்பாக்கி ஒன்றை வைத்து, கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். 2001இல் வந்த ஆய்வு. மொத்தம் 29 குழுக்கள். 21 குழுக்கள் துப்பாக்கியைக் கண்டுபிடித்தன, 16 அதைக் கையில் எடுத்தன, பத்துக் குழுக்களில் யாராவது ஒருவன் ட்ரிகரை, அதாவது சுடும் விசையை, இழுத்தான். எடுத்துப் பார்த்த பையன்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி யாரோ பாடம் எடுத்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். நண்பன் பக்கத்தில் நின்றால் நல்ல பிள்ளையும் வேறு ஆளாகிவிடுவான்.

சரி, கைரேகையா, எண் பொத்தானா, கார்டா? எது நல்லது?

இதுதான் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி. நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கைரேகைப் பெட்டி கடையில் பார்க்க அழகாக இருக்கும். விரலை வைத்தால் 'டிக்' என்று திறக்கும். வீட்டில், ராத்திரி இரண்டு மணிக்கு, வியர்த்த விரலோடோ குளிர்காலத்தில் காய்ந்து வெடித்த விரலோடோ வைத்தால் மூன்று முறை சிவப்பு விளக்கு எரியும். அது சின்னத் தொல்லை. பெரிய தொல்லை வேறு. 2023 அக்டோபரில் ஃபோர்ட்ரஸ் என்ற பெயரிலும் வேறு சில பெயர்களிலும் விற்ற சுமார் 61,000 கைரேகைப் பெட்டிகளை அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், அதாவது சிபிஎஸ்சி, திரும்பப் பெறச் சொன்னது. அறிவிப்பில் 12 வயதுப் பையன் ஒருவனின் மரணமும் இருந்தது. கோளாறு என்ன தெரியுமா? ரேகை எதுவும் சரியாகப் பதியாத வரைக்கும் அந்தப் பெட்டி எந்த விரல் வைத்தாலும் திறக்கும். வாங்கியவர் பதிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார், தன் விரலை வைத்தால் திறக்கவும் செய்யும், அதனால் சந்தேகமே வராது. நான்கு மாதம் கழித்து, 2024 பிப்ரவரியில், இன்னும் நான்கு நிறுவனங்களின் பெட்டிகள் சுமார் 1,20,000 இதே மாதிரி திரும்பப் பெறப்பட்டன. உங்களிடம் பழைய கைரேகைப் பெட்டி இருந்தால் சிபிஎஸ்சி தளத்தில் மாடல் எண்ணைப் போட்டு இன்றைக்கே பாருங்கள். அப்படியே குழந்தையின் விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள், துப்பாக்கியை வெளியே வேறிடத்தில் பூட்டிவிட்டு.

கார்டு அல்லது கைப்பட்டையைக் காட்டினால் திறக்கும் ரகம் உண்டு, ஹார்னடி நிறுவனம் அப்படி விற்கிறது. வேகமாகத் திறக்கும். ஆனால் அந்தக் கார்டு ஒரு சாவிதான். சாவிக்கொத்தைச் சமையலறைக் கொக்கியில் மாட்டும் வீட்டில் துப்பாக்கியும் அதே கொக்கியில்தான் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புளூடூத், செயலி எல்லாம் வேண்டவே வேண்டாம். 2017இல் வால்ட்டெக் நிறுவனத்தின் ஒரு மாடலை ரகசிய எண்ணே தெரியாமல் புளூடூத் வழியாகத் திறந்துகாட்டினார்கள். அப்புறம் அதைச் சரிசெய்தார்கள் என்றாலும், திறக்க இன்னொரு வழியைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

பேட்டரியில் ஓடும் எண் பொத்தான் பெட்டி பரவாயில்லை. என் இரண்டாவது பெட்டி அதுதான். பேட்டரி தீரும், அதற்காக ஒரு அவசரச் சாவி கொடுத்திருப்பார்கள், அந்தச் சாவியை எங்கே வைப்பது என்பது அடுத்த தலைவலி. இழுப்பறையில் வைக்காதீர்கள், பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியவரையும் எனக்குத் தெரியும்.

இப்போது வைத்திருப்பது பேட்டரியே இல்லாத சிம்ப்ளெக்ஸ் பூட்டு. ஐந்து பொத்தான்கள். ஒன்றொன்றாகவோ இரண்டை ஒன்றாகவோ அழுத்தலாம், ஒரு பொத்தானை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்த முடியாது. ஃபோர்ட் நாக்ஸ், வி-லைன் போன்ற நிறுவனத்தார் இந்தப் பூட்டைப் போட்டுத் தடித்த தகட்டில் பெட்டி செய்கிறார்கள். இருட்டில் ஐந்து விரலையும் வைத்தால் விரலே எண்ணைத் தெரிந்து வைத்திருக்கும், ஆர்மோனியக் கட்டை மாதிரி. குறை இல்லாமல் இல்லை. மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் சேர்க்கைகள்தான், தப்பாக அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடும் இல்லை, கோடை விடுமுறையில் போரடிக்கிற பன்னிரண்டு வயதுப் பையனுக்கு ஆயிரம் ஒரு பெரிய எண்ணே இல்லை. அதனால் படுக்கையறைக் கதவையும் பூட்டுகிறேன். அப்புறம், ஆலையிலிருந்து வரும் எண்ணை முதல் நாளே மாற்றுங்கள். இரண்டும் நான்கும் ஒன்றாக, பிறகு மூன்று என்பது இந்தப் பூட்டு பற்றித் தேடினால் முதல் பக்கத்திலேயே கிடைக்கும்.

என்ன எண் வைக்கலாம்?

பிறந்தநாள் வேண்டாம். இதை அனுபவத்தில் சொல்கிறேன். இரண்டாவது பெட்டிக்கு நான் வைத்த எண் பையன் பிறந்த தேதி, மறக்காது என்பதற்காக. ஒரு சனிக்கிழமை காலை, தோசைக்குச் சட்னி தொட்டுக்கொண்டே அவன் சொன்னான்: "அப்பா, உங்க பெட்டி என் பர்த்டேதானே? பீப் சத்தம் நாலு வாட்டி கேக்கும், நாலு பட்டன்ல மட்டும் பளபளப்பு இருக்கு." அப்போது அவனுக்கு ஏழு வயது. திறந்தாயா என்று கேட்டேன். "இல்ல, திறக்கக் கூடாதுன்னு சொன்னீங்கள்ல" என்றான். தோசை ஆறிப்போய்விட்டது. அன்றைக்கே எண்ணை மாற்றினேன், பீப் சத்தத்தை அணைத்தேன் (பெரும்பாலான மாடல்களில் அணைக்கலாம்), அடுத்த மாதம் பெட்டியையே மாற்றினேன்.

கார் நம்பர், வீட்டு எண், ஐபேட் பாஸ்கோடு எதுவும் வேண்டாம். பொத்தான்களை வாரம் ஒரு முறை துணியால் துடையுங்கள். எண் தெரிந்தவர் இருவர் என்றால் இருவருமே குழந்தை முன்னால் திறக்கக் கூடாது.

தகடு எவ்வளவு தடிமன் வேண்டும்? எங்கே பொருத்துவது?

தகட்டின் தடிமனைக் கேஜ் என்ற எண்ணால் சொல்வார்கள். அந்த எண் குறையக் குறையத் தகடு தடிக்கும், பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள். 16 கேஜ் என்றால் ஒன்றரை மில்லிமீட்டர், ஒரு நல்ல ஸ்க்ரூடிரைவர் நெம்பினால் வளையும். 14 கேஜ் ஏறக்குறைய 1.9 மில்லிமீட்டர். 10 கேஜ் கிட்டத்தட்ட 3.4. குழந்தைக்கு 14 போதும், திருடனுக்கு 10 வேண்டும். பெட்டியோடு ஒரு எஃகுக் கம்பிவடம் கொடுப்பார்கள், கட்டில் காலில் சுற்றிக்கொள்ளச் சொல்லி. குழந்தை தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க அது உதவும், கம்பி வெட்டும் கருவியோடு வருகிறவனை ஒரு நிமிடம்கூட நிறுத்தாது. சுவரின் மரச்சட்டத்திலோ கனமான பீரோவின் அடித்தட்டிலோ போல்ட் போட்டு இறுக்குவதுதான் சரி. ஐக்கியா மேசை அட்டைப்பலகையில் போல்ட் போட்டுப் பயனில்லை.

வாங்கி வந்ததும் எப்படிச் சோதிப்பது?

துப்பாக்கி இல்லாமல், அதே எடைக்கு ஒரு அரிசிப் பொட்டலத்தை உள்ளே வைத்துப் பூட்டுங்கள். அப்புறம் உங்கள் பிள்ளை செய்யக்கூடியதை எல்லாம் நீங்கள் செய்யுங்கள். என் முதல் பெட்டி இணையத்தில் அறுபது டாலருக்கு வாங்கியது. அதைக் கம்பளத்தின் மேல் கையளவு உயரம் தூக்கி, கைப்பிடியைத் திருப்பிப் பிடித்தபடியே தொம்மென்று போட்டேன். இரண்டு முறை ஒன்றுமில்லை. மூன்றாவது முறை கதவு வாயைப் பிளந்துகொண்டது.

காரணம் எளிது. மலிவுப் பெட்டிகளில் ஒரு மெல்லிய ஸ்பிரிங்கும் ஒரு சின்ன முள்ளும்தான் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும், மின்சாரம் வந்தால் மின்காந்தம் அந்த முள்ளை இழுக்கும். பெட்டியைப் போட்ட அதிர்ச்சியில் முள் கணநேரம் தானாகவே துள்ளும், அந்த நொடியில் கைப்பிடி திரும்பிவிடும். 2012இல் மார்க் வெபர் டோபியாஸ் என்ற பூட்டு நிபுணர், கடைகளில் தாராளமாக விற்கிற சிறிய பெட்டிகள் பலவற்றை இப்படித் தூக்கிப் போட்டும் ஓட்டை வழியே கம்பியை நுழைத்தும் திறந்துகாட்டினார். விற்பனைப் பக்கத்தில் 'கலிபோர்னியா அங்கீகாரம்', அதாவது அந்த மாநில அரசு ஏற்ற பெட்டி, என்று போட்டிருந்தாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள். போட்டுப் பாருங்கள், குலுக்கிப் பாருங்கள், எல்லாப் பொத்தானையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள், பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். திறந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள், பெரும்பாலும் முப்பது நாள் அவகாசம் இருக்கும்.

தோட்டா போட்டு வைப்பதா, போடாமலா?

மருத்துவர்கள் சொல்வது: தோட்டா இல்லாமல் பூட்டி, தோட்டாவைத் தனியாகப் பூட்டு. அப்படி வைக்க முடிந்தால் அதற்கு மேல் பேச்சே இல்லை. கட்டிலருகே வைப்பவர்கள் அப்படி வைப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும், நானும் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைப் போட்டு, சுடுவதற்குத் தோட்டா போய் உட்காரும் சேம்பரைக் காலியாக வைத்திருக்கிறேன். எடுத்தவுடன் சுடாது, மேலே நகரும் உலோகப் பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும், நான்கு வயதுக் கைக்கு அது கடினம், ஒன்பது வயதுக்கு அல்ல. ட்ரிகரை மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர் உறையோடு பெட்டிக்குள் வைக்கிறேன், இருட்டில் துழாவும்போது விரல் போகக் கூடாத இடத்துக்குப் போகாமல் இருக்க. பல துப்பாக்கிகளில் சுடாமல் தடுக்கும் தனி சேஃப்டி பொத்தானே கிடையாது, குளோக் கைத்துப்பாக்கி அப்படித்தான், ட்ரிகருக்கு ஐந்தரை பவுண்டு இழுவை போதும். குழந்தைக்கு ஏது அவ்வளவு பலம் என்று நினைப்பவர்கள், இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அது பிளே-டோ களிமண் டப்பாவைத் திறக்கும் அழகை ஒருமுறை பார்க்கலாம்.

அம்மா அப்பா ஆறு மாதம் வந்து தங்கப் போகிறார்கள். அவர்களுக்கு எண்ணைச் சொல்லலாமா?

வேண்டாம். சுற்றுலா விசாவும் குடியேறாதவர் விசாதான், மேலே சொன்ன அதே தடை அவர்களுக்கும் உண்டு. சட்டத்தை விடுங்கள், அம்மா வந்த மூன்றாம் நாள் வீட்டில் எந்தப் பொருளும் இருந்த இடத்தில் இருக்காது. என் அம்மா பெட்டியைப் பார்த்து, நகைப்பெட்டி என்று நினைத்து, "இதை ஏண்டா கட்டிலுக்குப் பக்கத்துல வச்சிருக்க, திருடன் முதல்ல அதைத்தானே பாப்பான்?" என்று கேட்டார். போல்ட் போட்டிருந்ததால் அது இடம் மாறவில்லை, இல்லையென்றால் பூஜை அலமாரிக்குப் போயிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்து பயப்படுவது நல்லது.

விருந்துக்கு வரும் குழந்தைகள்?

நம் ஆட்கள் வீட்டு விருந்தில் பெரியவர்கள் கீழே, பிள்ளைகள் மாடியில். மாடியில் எங்கே? பெரிய படுக்கையறையில், எல்லாருடைய குளிர்கோட்டுகளும் குவிந்த கட்டிலில் குதித்துக்கொண்டு, கண்ணாமூச்சி ஆடிக்கொண்டு, உங்கள் பெட்டிக்கு ஒரு முழ தூரத்தில். பன்னிரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு பொத்தானாக அழுத்துவார்கள். அன்றைக்குத் துப்பாக்கியை அங்கே வைக்காதீர்கள், அலமாரிக்குள் இருக்கும் பெரிய சேஃபுக்கு மாற்றிவிட்டு அறைக் கதவையும் பூட்டுங்கள்.

திருப்பியும் கேளுங்கள். உங்கள் பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் "துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா" என்று கேட்பதில் தப்பில்லை. வேர்க்கடலை அலர்ஜி பற்றிச் சொல்லும் அதே மெசேஜில் சேர்த்துக் கேட்டுவிடுவேன். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஒருவர் மட்டும் நான்கு நாள் கழித்து, "நீங்க கேட்டதும்தான் பூட்டினேன்" என்றார்.

பையனுக்குப் பதினாறு வயது. பொறுப்பானவன். அவனுக்கு எண்ணைச் சொல்லலாமா?

சொல்லக் கூடாது என்பதே என் பதில், காரணம் திருடனோ விபத்தோ அல்ல. இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். மற்ற வழிகளில் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைத்து, பிறகு நன்றாக வாழ்கிறார்கள். துப்பாக்கியில் அந்த இரண்டாவது வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. பரீட்சை, கல்லூரி அனுமதி, காதல், அப்பாவோடு ஒரு சண்டை என்று அந்த வயதில் ஒரு ராத்திரி உலகமே முடிந்த மாதிரி இருக்கும், காலையில் இருக்காது. அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் பூட்டு. பிள்ளை சோர்ந்து போயிருக்கிறான், பேச்சு மாறியிருக்கிறது என்று தோன்றினால் துப்பாக்கி கொஞ்ச காலத்துக்கு வீட்டிலேயே இருக்க வேண்டாம், சில துப்பாக்கிக் கடைகளும் காவல் நிலையங்களும் வாங்கி வைத்துக்கொள்ளும், முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988க்கு எந்த நேரமும் அழைக்கலாம், பெற்றோரும் அழைக்கலாம்.

பூட்டாமல் வைத்தால் சட்டம் என்ன செய்யும்?

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு நிரப்பிய துப்பாக்கி உங்கள் கவனக்குறைவால் போனாலே குற்றம், பிள்ளை சுட்டு யாருக்காவது உயிர்போனாலோ பலத்த காயமானாலோ தண்டனை ஏறும். மாசசூசெட்ஸில் பூட்டாமல் வைப்பதே குற்றம். மிச்சிகனில் 2024 பிப்ரவரியில் புதுச் சட்டம் வந்தது. அங்கே ஆக்ஸ்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளியில் 2021 நவம்பரில் 15 வயது மாணவன் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றான், துப்பாக்கி வீட்டிலிருந்து எடுத்தது. அவனுடைய அம்மாவுக்கும் அப்பாவுக்கும் 2024இல் ஆளுக்குப் பத்து முதல் பதினைந்து வருடம் சிறை.

எவ்வளவு செலவாகும்?

உருப்படியான சிம்ப்ளெக்ஸ் பெட்டி முந்நூறு டாலர் பக்கம் வரும். இப்போதைக்கு முடியாது என்றால், டீலரிடம் கைத்துப்பாக்கி வாங்கும்போதே பூட்டு ஒன்று கொடுத்திருப்பார்கள், கொடுக்க வேண்டும் என்பது கூட்டரசுச் சட்டம். பெரும்பாலும் அது ஒரு கம்பிவடப் பூட்டு. தொலைத்துவிட்டால் பல காவல் நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கும். மேகசினைக் கழற்றி, வடத்தை உள்ளே விட்டுப் பூட்டினால் சுடவே முடியாது. வேகமாக எடுக்கவும் முடியாது, பரவாயில்லை, பெட்டி வரும் வரைக்கும் அப்படியே இருக்கட்டும்.

ஜூனில் ஆறு வாரம் ஊருக்குப் போகிறோம். பெட்டியை என்ன செய்வது?

கட்டிலருகே காலியாக, கதவைத் திறந்தே விட்டுப் போங்கள், வருகிறவன் உடைத்துக்கொண்டு நேரம் செலவழிக்க வேண்டாம். துப்பாக்கி பெரிய சேஃபுக்குள்ளோ கடைப் பாதுகாப்பிலோ போகட்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வரும் நண்பரிடம் எதையும் சொல்ல வேண்டாம். பேட்டரிப் பெட்டி என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், ஒரு முறை கழற்றாமல் போய், திரும்பி வந்து பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, பொத்தான் எதுவும் வேலை செய்யாமல், அவசரச் சாவியைத் தேடி இரண்டு சூட்கேஸையும் கொட்டினேன், ஊறுகாய் பாட்டில் வேறு உடைந்திருந்தது.